உலர் எடை

டிரைவரின் எடை மாறுவதே இல்லை என்பது அந்த டயாலிசிஸ் அறையில் ஒரு பெருமையாகவே பேசப்பட்டுவந்தது. மற்றவர்கள் மாதத்துக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கரைந்துகொண்டிருக்க, சிகிச்சை முடிந்து எடை மேடையில் ஏறினால் அவர் மட்டும் ஐம்பத்தெட்டு. கோடையிலும் ஐம்பத்தெட்டு, காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்திலும் ஐம்பத்தெட்டு.

"நட்டு வச்ச கல்லு நம்ம அண்ணன்," என்பான் டெக்னீஷியன். "மேடம், இந்த எடை மெஷின் கெட்டுப்போச்சுன்னா இவரை மேல நிறுத்தித்தான் சரி பார்க்கணும்."

மேடம் என்று அவன் சொன்னது மருத்துவமனையின் உணவு ஆலோசகரை. நோயாளிகளுக்கு அவள் டயட் மேடம். நீண்டகால நோயோடு வருகிறவர்களில் யார் சத்துக் குறைந்து உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அத்தனை வார்டுகளுக்கும் அவள் ஒருத்திதான். ஆகவே எடை குறைந்தவர்களிடம் நிற்பாள். குறையாதவர்களைத் தலையசைத்துக் கடந்துவிடுவாள். டிரைவரையும் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தாள்.

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியேற வழி கிடையாது. அது காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், கடைசியில் நெஞ்சில் தேங்கும். வாரத்துக்கு மூன்று முறை இயந்திரம் அதை உறிஞ்சி எடுக்கிறது. எதுவரை எடுப்பது என்பதற்கு ஒரு குறி வேண்டும். வேண்டாத தண்ணீரெல்லாம் போன பிறகு உடம்பு எவ்வளவு நிற்குமோ, அதை உலர் எடை என்பார்கள். அதற்கும் கீழே இழுத்தால் தலை சுற்றும். கெண்டைக்கால் தசை முறுக்கிக்கொண்டு வலிக்கும். போதும், நிறுத்து என்று உடம்பு சொல்கிற அடையாளம் அது. டிரைவருக்கு ஐம்பத்தெட்டு நெருங்கும்போது தவறாமல் கால் இழுக்கும். டெக்னீஷியன் ஓடிவந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்துவான், குழாயில் கொஞ்சம் உப்புநீர் ஏற்றுவான், வலி அடங்கும்.

இப்போது அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைப்பதாக முடிவாகியிருந்தது. கொடுப்பவர் அவருடைய அக்கா. தம்பியைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை செய்கிறவர். அங்கே இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். மருத்துவமனையிலும் அது தணியாது. கல்யாணம் பற்றி யாராவது கேட்டால் "லாரியைத்தான் கட்டிக்கிட்டேன், அதையும் வித்தாச்சு" என்று சொல்லும் டிரைவர், நோய் வந்த பிறகு அக்கா வீட்டு முன்னறையில்தான் இருந்தார்.

ரத்தம் பொருந்திவிட்டது. ஒரே தடங்கல், அக்காவின் சர்க்கரை. பரிசோதனையில் அது எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆனால் கோட்டை ஒட்டி நின்றது. "இப்ப எடுக்கலாம்," என்றார் பெரிய டாக்டர். "தள்ளிப்போட்டா மறுபடி டெஸ்ட் பண்ணணும். அப்ப கோட்டைத் தாண்டியிருந்தா எடுக்க முடியாது. சட்டமும் விடாது, என் மனசும் விடாது." வேறு கொடுப்பவர் யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும். அதற்குமுன் டயட் மேடத்தின் முழு மதிப்பீடு வேண்டும். எலும்பும் தோலுமாக இருப்பவர்கள் மேல் கத்தி வைத்தால் காயம் ஆறாது, தையல் பிரியும், கிருமி பிடிக்கும் என்பதால் சர்ஜன் அதைப் பார்க்காமல் யாரையும் எடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அளவு நாடாவோடு டிரைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய இடது கையில் இரண்டு ஊசிகள். ரத்தம் ஒரு குழாய் வழியாகப் போய் இன்னொன்றின் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் வலது கைதான்.

"என்ன மேடம், அளவெடுக்க வந்துட்டீங்க? சட்டையா, பெட்டியா?"

"சட்டைதான். கையைக் குடுங்க."

வலது மேற்கையைச் சுற்றி நாடாவை இழுத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு, நாடா நழுவியிருக்குமென்று மறுபடி சுற்றினாள். அதே எண். பிறகு கைப்பிடி வலுவைப் பார்க்கும் கருவியைக் கொடுத்து இறுக்கச் சொன்னாள். பத்துச் சக்கர லாரியைத் திருப்பிய கை அது. முள் எழுந்திருக்க மனமில்லாததுபோல் கொஞ்சம் அசைந்து படுத்துக்கொண்டது.

"தூக்கக் கலக்கம்," என்றார்.

"பரவால்ல. இன்னொரு தடவை."

இரண்டாவது முறை முள் அந்த அளவுகூட வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே பளபளப்பு. ஆனால் நெற்றிப்பொட்டில் ஒரு விரல் வைக்கிற அளவுக்குக் குழி. சட்டைக் காலரை விலக்கியபோது காறை எலும்பு கம்பிபோல் நின்றது. மேலே வற்றி, கீழே ஊறிய உடம்பு. எடை மேடை இதைச் சொல்லாது. சதை கரைந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டால் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பாடத்தில் படித்ததுதான் இது. படித்தவளுக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் ஒன்று இடித்தது. இவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கும் உடம்பில், தண்ணீர் வற்றினால் வரவேண்டிய கால்வலி எப்படி வருகிறது?

கடைசியாகக் கெண்டைக்காலை அளக்க வேண்டும். போர்வையை விலக்கி நாடாவைச் சுற்றி, உள்ளங்கையால் சதையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இயந்திரத்தின் திரையில் ஐம்பத்தெட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. டிரைவர் பல்லைக் கடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தார்.

"தம்பி, இழுக்குது. வலது காலு. நிறுத்துப்பா."

வலது கால் அவள் கையில் இருந்தது. இழுக்கும் கெண்டைக்கால் கட்டைபோல் இறுகும். தொட்டவர்களுக்குச் சந்தேகமே வராது. அவள் கையில் இருந்தது பிசைந்து ஊறவைத்த மாவுபோல் துவண்டு கிடந்தது. விரலை அழுத்தினாள், குழி விழுந்தது, நிரம்பவில்லை.

அவள் நிமிர்ந்தாள். டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து அவள் கை எங்கே இருக்கிறதென்று பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். டெக்னீஷியன் உப்புநீர்ப் பையோடு வந்துகொண்டிருந்தான்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?"

டிரைவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். டெக்னீஷியன் வழக்கம்போல் பொத்தானைத் தட்டித் தண்ணீர் எடுப்பதை நிறுத்தினான்.

ஊசி எடுத்த பிறகு ரத்தம் உறையும்வரை பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட முடியாது. அந்த நேரம் பார்த்து அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"வாத்தியாரைத் திருப்பி அனுப்பினாங்கல்ல, அப்பலேர்ந்து."

வாத்தியார் முன்பு பக்கத்து நாற்காலியில் இருந்தவர். எடை குறைந்துவிட்டது, தேற்றிக்கொண்டு வா என்றார்கள். அவர் தேறுவதற்குள், கொடுப்பதாக இருந்த அவருடைய தம்பிக்கு மனம் மாறிவிட்டது. இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர்.

"எனக்கும் எடை இறங்க ஆரம்பிச்சுது மேடம். ஐம்பத்தெட்டுல இருந்து அரைக் கிலோ கொறச்சு எழுதினாங்க. கொறச்சாத் தள்ளிடுவாங்கன்னு தெரியும். ஒருநாள் நெசமாவே கால் இழுத்துது. கத்துனேன். உடனே நிறுத்திட்டு, 'பழைய எடையே இருக்கட்டும்'னு மாத்தி எழுதினாங்க. இவ்வளவுதானான்னு ஆயிடுச்சு."

"சாப்பாடு நல்லா இறங்குதுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கீங்க."

"இறங்குது. எனக்கில்ல." பஞ்சை அழுத்திய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாக்குல எதை வச்சாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கு. அக்கா வேலைக்குப் போனதும் தெருவுல வச்சிடுவேன். எங்க தெரு நாய் ரெண்டும் தளதளன்னு இருக்கு. வேணும்னா அதுங்களை அளந்து எழுதிக்குங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; அது வந்ததே பிடிக்கவில்லை.

"நெஞ்சு நிறைய தண்ணி வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறீங்க?"

"உக்காந்துக்கிட்டு. இருபது வருஷம் ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி உக்காந்துதானே தூங்கினேன்." பிறகு குரல் இறங்கியது. "எழுதிடாதீங்க மேடம். அக்காவோட சர்க்கரை ஏறறதுக்குள்ள இது நடக்கணும். நடந்துட்டா நாக்கும் சரியாயிடும், எல்லாம் சரியாயிடும். அப்புறம் தின்னு காட்டறேன்."

"சரியாகறதுக்கு முன்னாடி தையல் பிரிஞ்சா?"

"அது என் பாடு."

அவளுடைய அறை மருந்துக் கிடங்கின் பாதியைப் பலகையால் தடுத்துச் செய்தது. ஜன்னல் இல்லை. பால்மாவு டின்களின் வாசனை அடைத்து நிற்கும். மதிப்பீட்டுத் தாளில் கை அளவு, பிடி வலு எல்லாம் எழுதினாள். கடைசியில் ஒரு கட்டம்: நன்று, மிதமான குறைவு, கடுமையான குறைவு. மூன்றில் ஒன்றை வட்டமிட வேண்டும். கடுமையான குறைவு என்று போட்டால் அவருக்கு இருக்கிற ஒரே கதவு அடைபடும். நன்று என்று போட்டால் அந்தக் கதவு வழியாக அவரை எங்கே அனுப்புகிறோம் என்று அவளுக்குத் தெரியும். மிதம் என்று போட்டால் பொய்யில் பாதி, சர்ஜன் போனில் கூப்பிட்டு "எடை இறங்கலையே, என்ன மிதம்?" என்பார், அவள் ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பேனாவை மூடினாள், திறந்தாள். அன்று தாள் மேசையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை டிரைவர் சாய்வுப் பாதையில் ஏறி வரும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்தில் நின்றார். அறை வாசலில் எத்தனை முயன்றும் ஒரு முழு வாக்கியம் வரவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நல்லாத்தான் இருக்கேன் என்பதை இரண்டு மூச்சில் சொன்னார்.

டயட் மேடம் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். கால் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம எல்லாரையும் உக்கார வச்சு ஏமாத்திட்டாரா மனுஷன்?"

"எடை சரியா இருக்கேன்னு நாமளும் சந்தோஷமா இருந்துட்டோம் சார்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நாள் குறிக்க வேண்டாம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு. டிரைவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார்; எழுந்து போக முடியாதவருக்கு அது ஒன்றுதான் வழி. மூச்சு லேசானது, முகத்து உப்பல் வடிந்தது, உப்பல் போனதும் முகமும் போனது. கன்னம் ஒட்டி, பல் முன்னே வந்து, வேறு யாரோ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. ஐம்பத்தொன்றில் ஒருநாள் அவர் முனகினார்.

"அண்ணே, படம் ஓடி முடிஞ்சாச்சு," என்றான் டெக்னீஷியன், நகராமல்.

டயட் மேடம் போர்வைக்குள் கை வைத்துப் பார்த்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. "நிறுத்துப்பா," என்றாள். "இதுதான்."

ஐம்பத்தொன்று. அவ்வளவுதான் அவர். ஏழு கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு முழு மனிதன் போல நடமாடியிருக்கிறார். தாளில் கடுமையான குறைவு என்பதை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த கூட்டத்தில் அறுவை சிகிச்சை இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் அவர் தேற வேண்டும்; அக்காவுக்கு மறுபடியும் சர்க்கரைப் பரிசோதனை.

மறுநாள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமே குரல் கேட்டது.

"எங்க அவ?"

அக்கா உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"என் தம்பி உனக்கு என்ன பண்ணினான்?"

"அக்கா, அந்த உடம்போட ஆபரேஷன் பண்ணினா..."

"சாவான். அதைத்தானே சொல்லப்போற? பண்ணலேன்னா? அந்த நாற்காலியில உக்காந்து உக்காந்து சாவான். ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு சர்க்கரை ஏறியிருந்தா நீ குடுப்பியா?"

அவள் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"குடுக்கமாட்ட. குடுக்கவும் வேணாம். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? அவனே கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கத் தயாரா இருந்தான். உனக்கு என்ன வந்துது?"

"கால் என் கையில இருந்துதுக்கா," என்றாள் டயட் மேடம். "தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல. ரெண்டு நாள் எழுதாம வச்சிருந்தேன். அந்த ரெண்டு நாள்லயே போயிருப்பார்."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்தார். கோபத்தில் பிடித்ததாகத்தான் முதலில் தோன்றியது. ஆனால் கை நடுங்கியது, நெற்றியில் வியர்வை அரும்பியது. கொடுப்பவருக்கான அளவெடுப்புக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பு வந்தபோது அந்த அறைக்குள் இதே ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது என்பது டயட் மேடத்துக்கு நினைவு வந்தது. இப்போது தோள்பட்டையில் சட்டை தொங்கியது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"அது இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"நேத்து மத்தியானம் ரெண்டு ரொட்டி." அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார், உட்கார வேண்டியதாயிற்று. "கோட்டுக்கிட்ட நிக்குதுன்னு டாக்டர் சொன்னாரே. சாப்பிட்டாத்தானே ஏறும். ஒரு நாளைக்கு ஒரு வேளை. காபிக்குச் சர்க்கரை கிடையாது, பாலும் கிடையாது."

டயட் மேடம் ஒரு டம்ளரில் பால் கரைத்து முன்னே வைத்தாள். அக்கா அதை விஷத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"குடிங்க. பட்டினி கிடந்து சர்க்கரையைப் பிடிச்சு நிறுத்த முடியாது. உடம்புதான் போகும். அப்புறம் உங்களையும் அளந்து பார்த்துட்டு வேணாம்னுடுவாங்க. நேரத்துக்கு அளவாச் சாப்பிடணும், தினம் நடக்கணும். எப்படின்னு நான் சொல்றேன். ஏறாதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். இப்படி இருந்தா கண்டிப்பா நடக்காது."

"அப்ப நானும் திங்கணும், அவனும் திங்கணும்." அக்காவின் குரல் முதல் முறையாகச் சலவைக்கூடத்திலிருந்து இறங்கி அறை அளவுக்கு வந்தது. "அதானே நீ சொல்ற வைத்தியம்? ரெண்டு பேருக்கும் தொண்டையைத் தாண்டலையேம்மா."

"அவருக்குத் தொண்டையைச் சுத்திப் போக ஒரு வழி இருக்கு. அவர் ஒத்துக்கணும். நீங்க சொன்னா..."

"என்ன வழி?"

மூக்கு வழியாக இரைப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய். ராத்திரி முழுக்கச் சத்துத் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பகலில் மூடி வைத்துவிடலாம். ஆனால் குழாய் மூக்கிலேயே இருக்கும், வாரக்கணக்கில்.

சொன்னபோது டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "லாரிக்கு டீசல் ஊத்தற மாதிரி. கையைக் கட்டினீங்க. தண்ணியை நிறுத்தினீங்க. மூக்கு ஒண்ணுதான் என் பேர்ல இருந்துது."

"டேய்," என்றார் அக்கா. "நீ பொறந்ததிலேர்ந்து உன் மூக்கு ஒழுகறதைத் துடைக்கறதுதான் என் வேலை. அது உன் பேர்ல எப்ப எழுதிக்கிட்ட?"

சுவரைப் பார்த்திருந்த தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாரா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. பிறகு, "எத்தனை வாரம்?" என்றார். டயட் மேடத்தைப் பார்த்துக் கேட்டார். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் சொல் அது.

"எடை ஏறற வரைக்கும். சதை எடை."

மறுநாள் வார்டில் அனுமதித்தார்கள். சாயங்காலம் நர்ஸ் வந்து குழாயை எடுத்து, அவருடைய மூக்கிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வயிற்றுக்கும் வைத்து நீளம் பார்த்துக் குறித்துக்கொண்டார். முனையில் வழுக்கும் களிம்பைத் தடவினார்.

"தொண்டைக்கு வரும்போது குமட்டும். அப்ப தண்ணியைக் குடிச்சு முழுங்கிக்கிட்டே இருக்கணும். முழுங்கினாத்தான் குழாய் சரியான வழியில போகும்."

டிரைவர் டயட் மேடத்தைப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை மடக்கு என்று பல வருடமாக அவருக்கு அளந்து கொடுக்கப்பட்டுவந்த பொருள் அது. அவள் தலையசைத்தாள். அக்கா டம்ளரை வாய்க்கு வைத்தார்.

குழாய் உள்ளே போனது. கண்ணில் நீர் முட்டியது. கால் கட்டிலை உதைத்தது. வலது கை அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"முழுங்குங்க. இன்னும். இன்னொரு வாய்," என்றார் நர்ஸ். "இன்னும்."

அவர் முழுங்கினார். டம்ளர் காலியானது. நர்ஸ் வெளியே மிஞ்சிய குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். சரியான இடத்தில் இருக்கிறதென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு டயட் மேடம் பையைத் தொங்கவிட்டாள். வெளுத்த திரவம் குழாயில் மெல்ல நகர்ந்து வந்து மூக்குக்குள் மறைந்தது.

"தொண்டையில ஆள் நிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அவர். குரல் கரகரத்தது. தலையைத் திருப்பப் பார்த்தார். பிளாஸ்திரி இழுத்தது, பழையபடி நேராக வைத்துக்கொண்டார்.

அவர் பார்வைக்கு நேரே ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் சின்ன டப்பா. வேகவைத்த காய், ஒரு முட்டை, டயட் மேடம் சொன்ன அளவுக்கு ரொட்டி. மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். கழுத்து ஏறி இறங்கியது.

"ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்றார் டிரைவர்.

"நான் பண்ணினது."

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. உப்பு போடலை."

"உனக்கு என்ன, நீதான் மூக்கால திங்கறியே. பேசாம பாரு."

"பாக்காம எங்க போறது? திரும்ப முடியலையே."

அக்கா அடுத்த துண்டை எடுத்தார். முழுங்குவதற்குமுன் ஒருமுறை அவரைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.